பயத்தை உண்டாக்குவது யார்?

பயமும் ஆசையும் மனிதனோடு கூடப் பிறந்தவை என்றும், அவற்றை மாற்ற யாராலும் ஆகாது என்றும் மக்களில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியென்று சற்று பார்ப்போம்.

ருஷிய தேசத்துப் பேராசிரியர் பாவ்லவ், நாய்க்குத் தீனி வைக்குமுன் ஒரு சப்தம் கேட்கும்படி பல தடவை செய்துவந்தார். பிறகு தீனி இல்லாமலே, சப்தம் கேட்ட மாத்திரத்தில் நாய்க்கு எச்சில் ஊறிற்று. சப்தத்தில் ருசி ஏது? இரண்டையும் சேர்த்து வைத்ததன் பலனேயாகும்.

அது வாயில்லா ஜீவன்தானே என்பீர்கள். 1920-ம் வருஷத்தில் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த வாட்ஸன் என்பவர், 11 மாதக் குழந்தையொன்றுக்கு வெள்ளை எலியைக் காட்டினார். குழந்தை பயப்படாமல் கை நீட்டிற்று. உடனே அதன் தலைக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியால் ஓங்கி அடிக்கச் செய்தார். இப்படி 7 தடவை நடந்தபின், அடி இல்லாமலே எலியைக் கண்டதும் குழந்தை அழுதது. முயலைக் கண்டும், நாயைக் கண்டும் கலங்கிற்று. அந்தப் பயத்தை நீக்காமலே குழந்தையை அனுப்பிவிட்டார்கள். இதைவிட அக்கிரமம் வேறென்ன வேண்டும்?

இந்த வாட்ஸன் பிறகு எங்கே போனார் தெரியுமா? விளம்பரக் கம்பெனி உத்தியோகத்துக்குத்தான்! சோப்புக் கட்டிக்கும் அழகிய பெண்ணின் சிரிப்புக்கும் என்ன சம்பந்தம்? இரண்டையும் ஓயாமல் சேர்த்துக் காட்டினால், சிரிப்புக்காக மயங்கியவன் சோப்புக்குக் காசு கொடுப்பான். இன்று நம் கையிலுள்ள போனில் "டிங்" என்றதும் சாப்பிட்ட கையைக் கழுவாமலே அதை எடுக்கிறோமே, அந்தச் சப்தமும் சிவப்புப் புள்ளியும் தாமாக முளைத்தவையா? நம்மை இழுக்கவென்றே யோசித்து அமைத்தவையல்லவா? அவ்வளவு தூரம் போவானேன்! இருட்டையும் பூச்சாண்டியையும் சேர்த்துச் சொல்லிச் சோறூட்டும் நாமும் அந்த இரும்புக் கம்பியைத்தானே அடிக்கிறோம்?

ஆனால் சேர்த்ததைப் பிரிக்கவும் முடியும். முயலைக் கண்டு நடுங்கிய, 3 வயதுகூட நிரம்பாத ஒரு பையனுக்கு, மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார் பிரியமான பண்டத்தைத் தின்னக் கொடுத்து, முயலைக் கூண்டோடு தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். முடிவில் அவன் முயலைத் தடவிக் கொடுத்தான். 1924-ல் இது வெளியாயிற்று. மந்திரமுமில்லை, தாயத்துமில்லை.

ஆகவே தோழர்களே! எதைக் கண்டு பயந்தாலும், எதைக் கண்டு ஆசைப்பட்டாலும், "இவ்விரண்டையும் என் மனதில் சேர்த்து வைத்தவன் யார்? அதனால் லாபம் யாருக்கு?" என்று ஒரு நிமிஷம் கேட்டுப் பாருங்கள். குழந்தையால் அப்படிக் கேட்க முடியவில்லை. நம்மால் முடியும் என்பதை மாத்திரம் மறக்க வேண்டாமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.