வீட்டுக் கணினியும் திருத்தச் சீட்டும்

போன மாதம் காலை நடையின்போது நண்பர் ஒருவரை நளன் குளத்துப் பக்கம் பார்த்தேன். முகம் வாடியிருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை, கணினிக்குத்தான் என்றார். "விண்டோஸ் 10-க்குக் காலம் முடிஞ்சு போச்சாம் சார். புதுசு இந்த மெஷின்ல ஏறாதாம். கடைக்காரத் தம்பி வேற வாங்கிடுங்கன்னுட்டார். நல்லாத்தானே ஓடிக்கிட்டிருக்கு?"

நன்றாகத்தான் ஓடுகிறது. வேதனையே அதுதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விரும்பிப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு வீட்டு உபயோகத்தில் ஓராண்டு நீட்டிப்பு உண்டு. அடுத்ததான விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட செயலி வேண்டும். அதற்கு முந்தைய கணினிகள், பழுது ஏதும் இல்லாவிட்டாலும், வாசலிலேயே நிறுத்தப்படுகின்றன.

அரசு ஊழியராக இருந்தவர்களுக்கு இது புதிதில்லை. உழைக்க முடியாததால் அல்ல, தேதி வந்துவிட்டதால் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் நாம். ஆனால் நம்மை யாரும் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பவில்லையே!

என் கணினி அவருடையதைவிடக் கிழம். 2010-இல் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கியது. கோர் 2 டுவோ செயலி. 2 ஜிபி நினைவகத்தைப் பிறகு 4 ஜிபி ஆக்கினேன். சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டேன். 2020 ஜனவரியில் விண்டோஸ் 7-க்குக் காலம் முடிந்தது. அந்த ஊரடங்கு நாட்களில் என் தம்பி பேரன் எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டான். பொழுது போகாமல் என் மெஷினில் அவன் ஏற்றிய லினக்ஸ் வகையின் பெயர் வாய்ட். அன்று ஏற்றியதுதான் இன்றும் ஓடுகிறது. மறுபடி ஒரு முறைகூட முதலிலிருந்து நிறுவவில்லை.

பெயரில் ஒரு சங்கடம் உண்டு. வாய்ட் என்றால் வெறுமை, சூனியம். எதிர்வீட்டு அம்மாளிடம் அப்படித்தான் விளக்கினேன். "திருநள்ளாத்துல உக்காந்துக்கிட்டு வீட்டுக்குள்ள சூனியத்தை வெப்பாங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் 'லினக்ஸ்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

2008-இல் ஸ்பெயின் நாட்டு நிரலாளர் ஹுவான் ரொமேரோ பார்தினெஸ் தொடங்கியது இது. இன்னொரு லினக்ஸை நகலெடுத்துச் செய்யாமல் தனியாகக் கட்டியது. 2018-இல் தொடங்கியவரையே தொடர்புகொள்ள முடியாத நிலை வந்தது. மற்ற தன்னார்வலர்கள் இணைய முகவரி முதற்கொண்டு மாற்றி அமைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அதிகாரி லீவில் போனால் ஆபீஸ் நின்றுவிடுமா என்ன?

இதில் இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, இலேசானது. எக்ஸ்எஃப்சிஇ என்ற மேசைத்திரையோடு வருகிறது. அதை 1996-இல் தொடங்கியவர் ஒலிவியே ஃபூர்தான் என்ற பிரெஞ்சுக்காரர். கணினியைப் போட்டதும் என் மெஷினில் 450 எம்பி சுமாருக்குத்தான் நினைவகம் பிடிக்கிறது. மீதியெல்லாம் என் வேலைக்கு.

இரண்டாவது குணத்தைத்தான் பலர் பயந்து பேசுகிறார்கள். இதற்கு 10, 11 என்று பதிப்பு எண் கிடையாது. ரோலிங் ரிலீஸ் என்பார்கள். தொடர் வெளியீடு என்று நாம் சொல்லலாம். ஒவ்வொரு மென்பொருளும் அதனதன் புதிய வடிவம் தயாரானதும் தனித்தனியாக வந்துகொண்டே இருக்கும். "வயசானவங்களுக்கு இது ஆகாது, மாத்திக்கிட்டே இருந்தா குழம்பிப் போவாங்க" என்று படித்த பிள்ளைகளே சொல்கிறார்கள். நான் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறேன். வயதானவர்களுக்கு இதுதான் ஆகும்.

அலுவலகத்தில் விதிப் புத்தகங்கள் வைத்திருந்தது நினைவிருக்கும். ஒரு விதி மாறினால் புத்தகத்தையே மாற்ற மாட்டார்கள். திருத்தச் சீட்டு வரும். கத்தரித்து, பசை தடவி, உரிய பக்கத்தில் ஒட்டி, ஓரத்தில் எண்ணையும் தேதியையும் எழுதுவோம். வந்த அன்றே ஒட்டினால் இரண்டு நிமிட வேலை. ஒட்டும்போதே என்ன மாறியது என்றும் தெரிந்துவிடும். சீட்டுகளை டிராயரில் போட்டு வைத்தவர் கதி வேறு. ஆடிட் வருகிற வாரம் எல்லாவற்றையும் கொட்டி உட்கார்ந்துகொண்டு, எது எதற்கு முந்தியது என்று திண்டாடுவார். முழுப் புத்தகமும் புதிய பதிப்பாக வந்தாலோ இருபது வருஷம் பழகிய பக்க எண் ஒன்றும் கைக்கு வராது. அதைப் போட்டுத் தடுமாறியவர்கள் இளையவர்களா, நாம்தானே!

கணினியிலும் அப்படியே. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தானையே எடுத்துவிட்டார்கள். எத்தனை பெரியவர்கள் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்! என் எக்ஸ்எஃப்சிஇ 2020, 2022, 2024 டிசம்பர்களில் 4.16, 4.18, 4.20 என்று மூன்று படி ஏறியது. மூன்றும் என் மெஷினுக்கும் வந்தன. எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. கோப்புறை இருந்த இடத்தில் கோப்புறை, கடிகாரம் இருந்த இடத்தில் கடிகாரம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் எளிதாகச் சொல்கிறேன். சனிப்பெயர்ச்சி சுமார் இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை. 2023 டிசம்பர் 20-ஐ நினைத்துப் பாருங்கள். தடுப்புக் கட்டைகள், பஸ் மாற்றம், நம் தெருவுக்கு நாமே போக முடியாத நெரிசல். ஆனால் சனி பகவான் அன்று ஒரே நாளில் தாவினாரா? இல்லை. ஒவ்வொரு நாளும் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டுதான் இருந்தார். கோட்டைத் தாண்டிய நாளை நாம் விழா எடுக்கிறோம், அவ்வளவுதான். தொடர் வெளியீட்டில் நகர்வு உண்டு, பெயர்ச்சிக் கூட்டம் கிடையாது.

நான் சனிக்கிழமை காலையில்தான் அப்டேட் செய்கிறேன். அன்று கோயில் கூட்டத்தில் தெருவில் இறங்க முடியாது, வீட்டில் வேலையுமில்லை. காபி குடித்துவிட்டு ஒரு வரிக் கட்டளை. எவை எவை மாறும், எத்தனை எம்பி இறங்கும் என்று பட்டியல் காட்டி, சம்மதமா என்று கேட்கும். படித்துப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்வேன். குறிப்பு பார்க்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்கு எப்போதும் இல்லை. பெரும்பாலும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

இந்தக் கணினியில் எனக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இந்தப் பக்கங்களை எழுதுவதைத் தவிர, முக்கியமானது ஒன்று உண்டு. காரைக்காலைச் சுற்றி சொல்தா குடும்பங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். கணவர் போய், அவருடைய பிரெஞ்சு ஓய்வூதியத்தில் ஒரு பங்கு வந்துகொண்டிருக்கும் அம்மாள்கள் சிலர் என்னிடம் வருகிறார்கள். பிரான்சிலிருந்து வரும் கடிதத்தைப் படித்துச் சொல்ல வேண்டும்; பதில் அடிக்க வேண்டும்; உயிரோடு இருப்பதற்கான சான்று, அந்த சேர்த்திஃபிகா தெ வீ, உரிய காலத்தில் போக வேண்டும். தாமதமானால் பணம் நிற்கும். பெயரில் ஓர் அக்சான் விடுபட்டாலும் எனக்கு மனசு கேட்காது. கம்போஸ் விசை என்று ஒன்றை ஏற்படுத்திக்கொண்டால் எழுத்தின் மேல் அக்சான் சுலபமாக வருகிறது. தமிழுக்கு ஐபஸ் என்ற நிரலில் எம்17என் விசைப்பலகைகள். அதில் தமிழ்99-உம் உண்டு, பழைய டைப்ரைட்டர் முறையும் உண்டு. என் விரல்கள் டைப்ரைட்டரிலேயே பழகியவை, அதிலேயே இருக்கின்றன. ஒரே கடிதத்தில் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றையும் லிப்ரே ஆபீஸில் அடிக்கிறேன். இந்தக் கணினி ஒரு நாள் படுத்தால் எனக்கு நஷ்டமில்லை, வாசலில் காத்திருக்கும் அம்மாளுக்கு நஷ்டம். ஆகவே நான் விளையாட்டாகப் பேசவில்லை.

படுத்ததே இல்லையா என்றால், இரண்டு முறை படுத்தது. இரண்டும் என் தவறு. புதிய கெர்னல் வரும்போது வாய்ட் பழையதையும் பத்திரமாக வைத்திருக்கும். புதியதில் கோளாறு என்றால் தொடக்கப் பட்டியலில் பழையதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் வேண்டாததை நாம்தான் கழிக்க வேண்டும். நான் இரண்டு வருஷம் கழிக்கவே இல்லை. டிஸ்க் நிரம்பி அப்டேட் பாதியில் நின்றது. இன்னொரு முறை, ஐப்பசி இடி ஒன்று இறங்கியதும் பதறிப்போய் அப்டேட் நடக்கும்போதே சுவிட்சை அணைத்துவிட்டேன். பேரன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்து சரிசெய்தேன். அன்றுமுதல் மூன்று விதி: வெளி டிஸ்க்கில் நகல் எடுக்காமல் அப்டேட் இல்லை, கடிதம் அனுப்ப வேண்டிய வாரத்தில் அப்டேட் இல்லை, வானம் கறுத்தால் அப்டேட் இல்லை.

குறைகளையும் மறைக்கக் கூடாது. வீட்டில் இருந்த ஒரு ஸ்கேனர் இதோடு கடைசிவரை ஒத்துப்போகவில்லை, கைபேசியில் படமெடுத்துக்கொள்கிறேன். நம் அரசு ஓய்வூதியத்துக்கான ஜீவன் பிரமாணையும் கைபேசியில்தான் முகம் காட்டிச் செய்கிறேன். யூடியூபில் மிகத் தெளிவான படம் வைத்தால் கிழம் மூச்சு வாங்கும். இயங்குதளம் இலேசாக இருந்தாலும் இன்றைய இணையப் பக்கங்கள் இலேசாக இல்லை; ஃபயர்பாக்ஸில் ஏழெட்டுப் பக்கத்துக்கு மேல் நான் திறப்பதில்லை. முதலில் ஏற்றித் தர விஷயம் தெரிந்த ஓர் ஆளும் வேண்டும். இதுதான் பெரிய குறை.

அலுவலகத்துக்கும் இதையே வைக்கலாமா? வேண்டாம் என்பேன். நூறு மேசைகளில் ஒரே மாதிரி இருக்க வேண்டிய இடத்தில் பதிப்பு எண் உள்ள லினக்ஸ்தான் சரி. பிரான்சின் ழாந்தார்மெரி 2008 முதல் உபுண்டுவைத் தழுவிய கெண்ட்புண்டுவைப் பல்லாயிரம் கணினிகளில் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் எல்காட் 2007 வாக்கிலேயே சூசே லினக்ஸுக்குப் போனது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. உறவுப் பிள்ளைகள் வீடுகளில் அப்படி எத்தனையோ பார்த்தேன். பாஸைத் திறந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. கொடுத்தார்கள், யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவில்லை.

கடைசியாக ஒரு சொல். இவற்றை ஆங்கிலத்தில் 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்கிறார்கள். கேட்பவர் 'ஓசி' என்று புரிந்துகொள்கிறார். எங்கள் பள்ளியில் இந்தக் குழப்பம் இல்லை. காசில்லாதது க்ராத்துவி, கட்டில்லாதது லீப்ர். தமிழிலும் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. என் மேசையில் இருப்பது இலவசம் என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி இல்லை. இந்த மெஷினுக்கு ஓய்வு பெறும் தேதியை நான் தீர்மானிக்கிறேன் என்பதில்தான் மகிழ்ச்சி.

ஆகவே நண்பர்களே, கடைக்காரத் தம்பி சொன்னார் என்பதற்காக உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். உங்கள் டிஸ்க்கில் எதையும் தொட வேண்டியதில்லை. பிடிக்காவிட்டால் உருவிவிட்டால் போயிற்று. நளன் குளத்து நண்பர் நாளைச் சனிக்கிழமை காலை தன் கணினியைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். கூட்டம் கூடுமுன் ஏழு மணிக்குள் வந்துவிடச் சொல்லியிருக்கிறேன்.