மேஸ்திரி கட்டின வீடுதானே என்கிறீர்களே!

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

படூரில் நம் தெருவில் மிச்சமிருக்கும் பெரியப்பாவின் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாணவர் விடுதி கட்டப்போவதாகக் குடும்ப வாட்ஸ்அப்பில் பார்த்தேன். "இன்ஜினியர் பிளான் போட்ட வீடா அது? மேஸ்திரி கட்டினதுதானே" என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது. அந்த வரிக்குத்தான் இந்தப் பதில்.

ஆமாம், மேஸ்திரி கட்டினதுதான். அப்பாவுக்குச் சாந்துச் சட்டி தூக்கித் தொழில் பழகியவர். வாசலுக்கு நேரே கொல்லைக் கதவு வைத்தார். கடற்காற்று உள்ளே நுழைந்து முற்றம் வழியாக வெக்கையைத் தள்ளிக்கொண்டு போகும். கனத்த சுண்ணாம்புச் சுவர். பனங்கை மேல் ஓடு. ஓர் ஓடு உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். கான்கிரீட் ஒழுகினால் அப்படி முடியுமா?

திண்ணையை மறந்துவிட்டீர்களா? கோயிலுக்கும் மளிகைக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்தே போன தெரு இது. நடக்கிறவருக்கு நிழலும் உட்கார இடமும் வீட்டுக்காரர் செலவில் கிடைத்தன. தயிர்க்காரம்மா கூடையை இறக்கி வைத்த இடம் அது. இன்று எழும்பும் கட்டடங்களில் கீழ்த்தளம் முழுக்கக் கார். தெருவைப் பார்த்து நிற்பது ஓர் இரும்பு கேட். என் வயதுக்காரர் மூச்சு வாங்கினால் எங்கே உட்காருவது, சொல்லுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், இதே பிள்ளைகள் விருந்தாளி வந்தால் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கு டிக்கெட் வாங்கி அழைத்துப் போகிறார்கள். 1996இல் திறந்த இடம். செட்டிநாட்டு வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். அந்தத் திண்ணையில் உட்கார்ந்து செல்ஃபி வேறு. இங்கே இருக்கிற திண்ணைக்குக் கடப்பாரை!

பட்டம் பட்டம் என்கிறீர்களே, ஜப்பானில் டடாவோ ஆண்டோ என்று ஒருவர். கட்டடக்கலைக் கல்லூரி வாசலை மிதிக்காதவர், குத்துச்சண்டை போட்டவர், தானே படித்துத் தேறினவர். 1976இல் ஒசாகாவில் ஒரு குறுகலான தெருவில் சின்ன வீடு ஒன்று கட்டினார். நடுவில் திறந்த முற்றம். மழை நாளில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நனைந்துகொண்டுதான் போக வேண்டும். 1995இல் கட்டடக்கலையின் உயர்ந்த பரிசான பிரிட்ஸ்கரை அவருக்குக் கொடுத்தார்கள். நம் முற்றத்தில் சாரல் அடித்தால் மட்டும் அது பழைய காலத்துக் கூத்தா?

வருமானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடுதிக்குத்தான் கொல்லையில் அவ்வளவு இடம் கிடக்கிறதே. அங்கே இரண்டு மாடி எழுப்புங்கள். முன்கட்டையும் முற்றத்தையும் தொடாதீர்கள். அந்த மேஸ்திரியின் பேரன் இன்னும் ஓடு மாற்றும் வேலைக்குப் போகிறார். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை அவரை அழைத்து வந்து கூரையைக் காட்டுங்கள். நம்பர் என்னிடம் இருக்கிறது. சாயங்காலம் 5 மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.