கதிர்வீச்சுக்கு முன்பே நினைவாற்றலை அளந்து வையுங்கள்

பெக்கோக்கில் ஒருவருக்கு மூளையில் கட்டி என்று தெரியவந்தால், ஜொகூரில் அரசுச் செலவில் கதிர்வீச்சு பெற அவர் நாட வேண்டியது ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையை. ஒரு வழிக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல். கட்டி அடங்கியது என்ற நிம்மதியோடு வீடு திரும்புகிறார். சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து, சொன்னதையே திரும்பச் சொல்கிறார். மாத்திரை சாப்பிட்டோமா என்பது மறந்துபோகிறது. கடையில் மீதிப் பணத்தை எண்ணத் தடுமாறுகிறார். வயதாகிவிட்டது என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள்.

வயது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. கட்டியை அழிக்கும் கதிர், நுண்ணிய இரத்தக் குழாய்களையும் நரம்பிழைகளின் உறையையும் மெல்ல மெல்லச் சிதைக்கிறது. புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி அதற்கு எளிதில் பலியாகிறது. வேறு உறுப்பிலிருந்து மூளைக்குப் பரவிய ஒன்று முதல் மூன்று கட்டிகள் கொண்ட 213 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2016இல் வெளியானது. கட்டியை மட்டும் குறிவைத்துக் கதிர் செலுத்தப்பட்டவர்களில் 63.5 விழுக்காட்டினருக்கு மூன்று மாதத்தில் சிந்தனைத் திறன் குறைந்தது. கூடவே முழு மூளைக்கும் கதிர் பெற்றவர்களில் அது 91.7 விழுக்காடு. ஆயுளோ நீளவில்லை. ஹிப்போகேம்பஸைத் தவிர்த்துக் கதிர் செலுத்தினால் பாதிப்பு குறைகிறது என்று 518 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வு 2020இல் காட்டியது.

சிகிச்சை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பலருக்கு உயிர் காப்பதே அதுதான். மூளைக்குக் கதிர் செலுத்தும் முன் ஒவ்வொரு நோயாளியின் நினைவாற்றலையும் அவருடைய தாய்மொழியில் சோதித்துப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்க வேண்டும் என்கிறோம்.

கட்டியாலும், அறுவையாலும், வலிப்பு மாத்திரையாலும்கூட மறதி வரும், கதிரை மட்டும் எப்படிக் குறை சொல்வது என்று மருத்துவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. முன்கூட்டிய அளவு இல்லாமல் அதற்கு விடை காணவே முடியாது. சோதிக்க நேரமில்லை என்பதை மட்டும் ஏற்க முடியாது. சிந்தனைத் திறனை அளக்க உலகெங்கும் பயன்படும் மோக்கா சோதனைக்குப் பத்து நிமிடம் போதும், தமிழிலும் இருக்கிறது. பள்ளிப் படிப்பு குறைந்தவர்களுக்கென்றே தனி வடிவமும் உண்டு. செம்பனைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த அம்மாவிடம் மலாயில் கேள்வி கேட்டால், அவருடைய மலாய்தான் தெரியும், நினைவாற்றல் தெரியாது.

வேலையில் இருப்பவருக்கு இது சோற்றுப் பிரச்சினையும்கூட. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் இயலாமை ஓய்வூதியம் பெற, இயல்பான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஈட்ட முடியாத நிரந்தர நிலை என்று மருத்துவ வாரியம் ஏற்க வேண்டும். கை கால் நன்றாக இருப்பவர், தன் மூளை முன்போல் இல்லை என்பதை எதைக் காட்டி நிரூபிப்பார்? முன்னும் பின்னும் எடுத்த மதிப்பெண்கள் கையில் இருந்தால் பேச ஓர் ஆதாரம் கிடைக்கும்.

முதல் சோதனையைப் பெக்கோக்கிற்கு அருகிலுள்ள சிகாமட் மருத்துவமனையிலேயே, பரிந்துரைக் கடிதம் எழுதும் அன்றே செய்துவிடலாம். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கேயே தொடரலாம். அதற்காக நோயாளி ஜொகூர் பாரு வரை போக வேண்டியதில்லை. சுகாதார அமைச்சு இதற்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும். அதுவரை, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் குடும்பத்தார் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: முழு மூளைக்கும் கதிர் தேவைதானா? ஹிப்போகேம்பஸைத் தவிர்க்க முடியுமா?