தசைச் சிதைவு நோய்: ஸ்டீராய்டை விட்டுவிட்டு பீட்டா குளுக்கானுக்கு மாறலாமா?

கேள்வி: எங்களுக்குத் திருவாரூர். என் அக்கா மகனுக்கு 7 வயது. டுஷேன் தசைச் சிதைவு நோய் என்று சொல்லி, ஒரு வருடமாக தினமும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கிறார்கள். பையனுக்கு முகம் உப்பிவிட்டது. 'ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் பீட்டா குளுக்கான் போதும், ஆராய்ச்சியில் நிரூபித்துவிட்டார்கள்' என்கிறார் உறவினர் ஒருவர். மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக ஒருநாள்கூட நிறுத்தாதீர்கள். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடும் குழந்தையின் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். மாத்திரையைத் திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்தி எடுத்து மாத்திரை வயிற்றில் தங்காவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உறவினர் சொல்லும் ஆராய்ச்சி நிஜமாகவே நடந்ததுதான். மதுரை மருத்துவர்களும் ஜப்பானியர்களும் சேர்ந்து செய்து, 2023-ல் வெளியிட்டார்கள். ஆனால், அதில் ஸ்டீராய்டுக்குப் பதிலாக பீட்டா குளுக்கான் என்று யாரும் சோதிக்கவில்லை. மொத்தம் 27 சிறுவர்கள். 18 பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து இதையும் 45 நாள்கள் கொடுத்தார்கள்; 9 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். பீட்டா குளுக்கான் சாப்பிட்டவர்களுக்கு அழற்சியைக் காட்டும் ரத்த அளவு குறைந்தது. தசை பலம் 18 பேரில் 12 பேருக்குச் சற்றுக் கூடியது. அதைச் சாப்பிடாத 9 பேரிலும் 4 பேருக்குக் கூடியிருக்கிறதே! யாருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த சோதனை அது. மேலும் ஆராயத் தகுந்த விஷயம், அவ்வளவுதான்.

ஸ்டீராய்டின் கதை வேறு. 1989-லேயே அமெரிக்காவில் 103 சிறுவர்களிடம், யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று தெரியாமல் சோதித்து, பலம் கூடுவதைக் காட்டினார்கள். 2022-ல் வெளியான ஆய்வில் 196 சிறுவர்களை மூன்று வருடம் கவனித்தார்கள். 10 நாள் கொடுத்து 10 நாள் விடுவதைவிட தினமும் கொடுப்பதே நல்லது என்று தெரிந்தது. நோயைக் குணப்படுத்தாது, ஆனால், பையன் தன் காலில் நடக்கும் காலத்தை நீட்டித் தரும். பத்து வயதுப் பிள்ளைக்கு அது சின்ன விஷயமா?

முகம் உப்புவதை டாக்டரிடம் சொல்லுங்கள். பிரெட்னிசோலோன் என்றால் டெஃப்ளசகார்ட்டுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அதில் எடை ஏறுவது குறைவு, உயரம் வளர்வது சற்றுக் குறையும். உப்பு, இனிப்பைக் குறையுங்கள். எலும்பு, கண், இதயப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில், தசைச் சிதைவு நோய்க்கான மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் இதற்கு 'சொந்தத்தில் கட்டியதால் வந்தது' என்று பழி சொல்வார்கள். டுஷேன் அப்படி வருவதில்லை. டிஸ்ட்ரோபின் என்ற புரதத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதில் ஏற்படும் பிழைதான் காரணம். பெரும்பாலும் அது அம்மா வழியாக மகனுக்கு வரும். சில குழந்தைகளுக்குப் புதிதாகவே ஏற்படும். இதில் உங்கள் அக்காவின் தவறு எதுவும் இல்லை. பையனின் மரபணுச் சோதனை முடிந்ததும் அக்காவுக்கும் செய்யச் சொல்லுங்கள். கோவையில் எம்.டி.சி.ஆர்.சி. என்ற மையம் இந்த நோய்க்காகவே பரிசோதனையும் ஆலோசனையும் தருகிறது. அக்காவிடம் அந்தப் பிழை இருந்தால், கூடப் பிறந்த உங்களிடமும் இருக்க வாய்ப்பு உண்டு. குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே நீங்களும் சோதித்துக்கொள்ளுங்கள்.