வீடு திரும்புமுன் குளியலறையைப் பாருங்கள்

முதியவர் ஒருவரை மருத்துவமனையிலிருந்து வீட்டிற்கு அனுப்பும் நாளில், இயன்முறை மருத்துவர்களாகிய நாங்கள் குடும்பத்தாரிடம் வழக்கமாகச் சில கேள்விகளைக் கேட்போம். வீட்டில் படிக்கட்டு உண்டா, கட்டிலின் உயரம் என்ன, கழிவறை எவ்வகை என்பன அவை. எங்கே, எப்படிக் குளிக்கிறார் என்ற கேள்வி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. கேட்டாலும், “குளியலறை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது” என்ற விடையோடு நிறைவு கொண்டுவிடுகிறோம். முப்பதாண்டுகளாக இத்தொழிலில் இருக்கும் நானும் அக்கேள்வியைக் கேட்கத் தவறியவனே. அதுவும் என் சொந்தத் தாய்மாமன் வீட்டில்.

மாமா பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், ஊர்ச்சொல்லில் ‘சொல்தா’. 1954 நவம்பரில் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியினின்று விடுபட்டது. சட்டப்படியான மாற்றம் 1962இல் நிறைவேறியபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இங்குப் பல உண்டு. மாமாவின் வீடும் அத்தகையதே. திண்ணையும் முற்றமும் தாத்தா காலத்தவை. பின்கட்டில் மட்டும் வெள்ளை வெளேரென்று ஒரு பாத்டப். புதுச்சேரியிலிருந்து வைக்கோல் சுற்றி லாரியில் வந்து இறங்கிய அந்தக் குளியல் தொட்டியைத் தெருப்பிள்ளைகள் நாங்கள் அனைவரும் வரிசையில் நின்று பார்த்தோம்.

79ஆம் வயதில் கொல்லைப்புறத்தில் தடுக்கி விழுந்து மாமாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை நல்லபடியாக முடிந்தது. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடக்க நானே கற்றுக்கொடுத்து வீட்டிற்கு அனுப்பிவைத்தேன். 11ஆம் நாள் காலை, தொட்டியின் விளிம்பைத் தாண்டுகையில் அவர் கால் வழுக்கிற்று. தாங்கிப் பிடித்திருந்த அத்தையும் சேர்ந்து விழுந்தார். மாமா சிராய்ப்போடு தப்பினார். அத்தையின் வலக்கை மணிக்கட்டு முறிந்தது. சமைத்ததும், மருந்து எடுத்துக் கொடுத்ததும், மாமாவை எழுப்பி உட்காரவைத்ததும் அந்தக் கைதான். 6 வாரம் அது மாவுக்கட்டில் இருந்தது.

“நாங்கள் பிடித்துக்கொள்கிறோம்” என்று கூறும் குடும்பத்தார்க்கு இதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன். ஈரமும் சோப்பும் பட்ட ஓர் உடலை, ஈரத்தரையில் நின்றுகொண்டு, தம்மை ஒத்த வயதினர் ஒருவர் தாங்கிப் பிடிப்பது இயலாத காரியம். பிடிமானம் சுவரில் இருக்க வேண்டும், மனிதரிடம் இருத்தலாகாது.

குளியல் தொட்டி ஒருவரிடம் எதைக் கேட்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ முழங்கால் உயரமுள்ள விளிம்பைத் தாண்ட, ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலை உயர்த்த வேண்டும். பின்பு வழுவழுப்பான அடித்தளத்தில் அமர வேண்டும். அமர்ந்தபின் எழவும் வேண்டும். இடுப்பு மூட்டில் அறுவை செய்துகொண்டோரில் பலரிடம், முழங்கால் இடுப்பைவிட உயரும்படி சில வாரங்களுக்கு உட்காரலாகாது என்று நாங்கள் எச்சரிக்கிறோம். தொட்டியில் அமர்ந்தாலோ நாங்கள் விலக்கிய நிலை தானாகவே வந்துவிடுகிறது.

உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுவதால் உயிரிழக்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. வீட்டிலுள்ள இடர்களைக் களைவதால் பயன் உண்டா என்பதை 2023இல் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு ஒன்று ஆராய்ந்தது. இடர்களைக் களைந்த முதியோரிடையே விழுதல் சுமார் 26 விழுக்காடு குறைந்ததாகவும், முன்பே விழுந்தவர், அண்மையில் மருத்துவமனையில் இருந்தவர் போன்றோரிடையே 38 விழுக்காடு வரை குறைந்ததாகவும் அது கண்டது. ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட ஏற்ற காலமன்று, வீடு திரும்பும் வாரம்.

மாமா எளிதில் இசையவில்லை. “தொட்டியை உடைச்சா நான் கிழவனாயிட்டேன்னு ஊருக்கே சொல்ற மாதிரி, மாப்பிள்ளை” என்றார். அவ்வீம்பை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆயினும், விழுந்த நாள் முதல் முற்றத்தில் நாற்காலியில் உட்காரவைத்து வேறொருவர் குளிப்பாட்ட, அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்ததையும் கண்டேன். மூன்று நாளுக்கு ஒருமுறை குளித்தால் போதும் என்று சொல்லத் தொடங்கியிருந்தார். படையில் இருந்த காலந்தொட்டு விடியற்காலைக் குளியலைத் தவறவிடாதவர் அவர். தனியே குளிக்கும் உரிமையைத்தான் அந்தத் தொட்டி அவரிடமிருந்து பறித்திருந்தது என்பதை எடுத்துரைத்தபின், ஒரு நிபந்தனையோடு இசைந்தார். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பழைய வீட்டில் இவ்வேலை நினைப்பதுபோல் எளிதன்று. தொட்டியைப் பெயர்த்துவிட்டுத் தரையைத் தாழ்த்தலாம் என்றே கொத்தனார் முதலில் கூறினார். ஆனால் தெருவில் சாலை மேல் சாலை போட்டு, வீட்டின் தரையே தெருவுக்குக் கீழாகிவிட்டது. தாழ்த்தினால் ஐப்பசி, கார்த்திகை மழையில் சாக்கடை நீர் உள்ளே ஏறும். ஆகவே குளியலறைத் தரையை ஏறக்குறையக் கூடத்தின் மட்டத்திற்கு உயர்த்தினோம். வாயிற்படியை நீக்கி, ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வீதம் எதிர்ச்சுவரை நோக்கிச் சரிவு கொடுத்து, அச்சுவர் ஓரம் நெடுக மூடியிட்ட நீர்த்தாரை அமைத்தோம். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு உலர்ந்தபின், வடிகாலை அடைத்து ஒரு நாள் முழுதும் நீர் தேக்கிப் பார்த்த பிறகே டைல்ஸ் பதிக்கலாயிற்று. இவ்வொரு நாளை மிச்சப்படுத்த எவர் சொன்னாலும் கேளாதீர்கள். மாடியில் குளியலறை உள்ள வீட்டினர், மரவிட்டத்தின் மேல் எழுப்பிய பழைய தளத்தில் கை வைக்குமுன் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுவது நலம்.

கைப்பிடிக் கம்பியில்தான் எங்களுக்கு மிகுந்த தொல்லை. சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவரில் சாதாரணத் திருகாணி நிற்காது. இழுத்தால் காரையோடு பெயர்ந்து வரும். சுவரை ஊடுருவித் துளையிட்டு, மறுபுறம் இரும்புத்தகடு வைத்து முடுக்கினோம். கடற்காற்றில் மட்டமான கம்பி ஓராண்டில் துருவேறும். நல்ல தரமான துருப்பிடிக்கா எஃகு இங்கே ஆடம்பரம் அன்று. துண்டு போடும் கம்பியும் உறிஞ்சிப்பிடிக்கும் ரப்பர் கைப்பிடியும் உடலின் எடையைத் தாங்கமாட்டா. அவற்றை நம்பிப் பிடிப்பதைவிட அவை இல்லாதிருப்பதே மேல்.

நம் வாசகர்களுள் பெரும்பாலோர் வீட்டில் பாத்டப் இராது, நானறிவேன். ஆனால் நீர் வெளிவராதிருக்கக் கட்டிய உயர்ந்த வாயிற்படி இருக்கும். குளியலறையில் பாதி இடத்தை அடைத்த சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டியும், உப்புநீர்க் கறையில் சோப்புப் படிந்து வழுக்கும் தரையும் இருக்கும். குனிந்து மொண்டு ஊற்றிக்கொள்ளத் தரையில் வாளியும் இருக்கும். இவையும் பாத்டப்பைப் போன்ற இடர்களே. வாடகை வீட்டினரும், இப்போதைக்குச் செலவிட இயலாதோரும் எதையும் உடைக்க வேண்டியதில்லை. காலடியில் ரப்பர் பொருத்திய உறுதியான குளியல் நாற்காலி ஒன்று வாங்குங்கள். வாளியை முக்காலியின் மேல் ஏற்றுங்கள். இல்லையேல் குழாயில் ஹேண்ட் ஷவர் பொருத்துங்கள். சாதாரணப் பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் வேண்டா. ஈரத்தரையில் அதன் கால் விரியும்.

பிரான்சில் பெற்றோரும் பிள்ளைகளும் உள்ள குடும்பங்களுக்கு ஓர் இடைக்குறிப்பு. அங்கே 2024 சனவரி முதல், வருவாய் குறைந்த முதியோர் தம் வீட்டில் தொட்டியை நீக்கித் தடையற்ற குளியலிடம் அமைக்க, 22,000 யூரோ வரையிலான செலவில் 50 அல்லது 70 விழுக்காட்டை அரசு ஏற்கும் திட்டம் நடைமுறையில் உள்ளது. அங்குள்ள வீட்டிற்கு மட்டுமே அது பொருந்தும். எனினும், பிள்ளைகள் இங்குள்ள பெற்றோர்க்கு எதை அனுப்பலாம் என்று கேட்கும்போது, மற்றுமொரு பெரிய தொலைக்காட்சியை அவர்கள் வாங்காதிருக்க இச்செய்தி உதவலாம்.

மாமாவின் நிபந்தனை இதுதான்: கதவை அவரே சாத்திக்கொள்வார். உள்தாழ்ப்பாள் ஆகாது என்று நான் மறுத்தேன். முடிவில், உள்ளே பூட்டினாலும் வெளியிலிருந்து ஒரு நாணயத்தைக் கொண்டு திறக்கத்தக்க பூட்டைத் தச்சர் பொருத்தினார். கதவும் வெளிப்புறமாகத் திறக்குமாறு மாற்றப்பட்டது, உள்ளே விழுந்தவர் உடலே கதவைத் தடுத்துவிடக் கூடாதல்லவா. அந்த நாணயம் கதவுச் சட்டத்தின் மேல் இருக்கிறது. இதுவரை எடுக்க நேரவில்லை. அத்தை இப்போதும் குளியல் முடியும்வரை கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், பூத்தொடுக்கிறேன் என்பார்.

இப்போதெல்லாம் நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். வீடு திரும்பும் நாளுக்கு முன்னரே, உங்கள் குளியலறையை வாயிலிலிருந்து கைப்பேசியில் படமெடுத்து வாருங்கள். படியின் உயரம், கதவின் அகலம், குழாய் இருக்கும் உயரம் ஆகிய மூன்றையும் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் இயன்முறை மருத்துவர் கேட்காவிட்டாலும், நீங்களே அவர் மேசையில் அவற்றை வையுங்கள்.