நேரம் பொய்த்தால் தரவும் பொய்க்கும்

குஜராத்தில் 2022 அக்டோபர் 30 அன்று மோர்பி தொங்கு பாலமும், 2025 ஜூலை 9 அன்று மஹி ஆற்றின் கம்பீரா பாலமும் மனித உயிர்களோடு வீழ்ந்தன. பாலங்களை உணரிகள் கொண்டு கண்காணிக்க வேண்டும் என்பதில் இனி வாதமில்லை. ஆனால் அவ்வுணரிகளின் கடிகாரங்கள் ஒரே நேரத்தைத்தான் காட்டுகின்றனவா? எத்தனை உணரிகள், நொடிக்கு எத்தனை அளவீடுகள் என்று மார்தட்டும் திட்ட அறிக்கை இக்கேள்விக்கு ஒரு வரியும் ஒதுக்காதெனில், அதைச் சிறு மறதி என்று கடந்துபோக முடியாது.

கம்பியில்லா உணரி ஒவ்வொன்றும் தன்னுள் இருக்கும் குவார்ட்ஸ் படிகத்தை நம்பியே நேரம் கணிக்கிறது. அப்படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால் ஒரே நாளில் 1.7 நொடி விலகிவிடும். வெப்பநிலை மாறினால் பிசகின் அளவும் மாறும்.

பாலத் தளத்தின் இரு ஓரங்களிலும் ஒவ்வோர் உணரி இருப்பதாகவும், தளம் நொடிக்கு 5 முறை அதிர்வதாகவும் கொள்வோம். இரு கடிகாரங்களுக்கிடையே 0.1 நொடி வேறுபாடு போதும். ஒன்றாக எழுந்து தாழும் ஓரங்கள், ஒன்று எழ மற்றொன்று தாழ்வதாகத் தரவில் தோன்றும். வளைவு முறுக்கமாக வாசிக்கப்படும். இரு கடிகாரங்களும் மேற்சொன்ன வீதத்தில் ஒன்றையொன்று விலகினால், அந்த 0.1 நொடியை எட்ட ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது.

பின்னர் கணினியில் சரிசெய்துகொள்ளலாம் என்பார்கள். பிசகு எவ்வளவு என்று களத்திலேயே பதியாதபோது எதனோடு ஒப்பிட்டுச் சரிசெய்வது? ஜிபிஎஸ் நேரம் இருக்கிறதே என்பார்கள். பாலத்தின் அடிப்புறத்தில் பொருத்திய உணரிக்கு வானமே தெரியாது.

தீர்வும் புதிதன்று. ஓர் உணரி தன் நேரத்தை வானொலிச் செய்தியில் முத்திரையிட்டு அனுப்ப, மற்றவை அதனோடு ஒப்பிட்டுத் தம் விலகலைக் கணித்துத் திருத்திக்கொள்ளும் முறையை 2004ஆம் ஆண்டிலேயே வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அதன் பிழை சில மைக்ரோ நொடிகளே.

ஆகவே ஒப்பந்தப்புள்ளி ஆவணமும் ஆய்வுக் கட்டுரையும் உணரிகளின் எண்ணிக்கையோடு நேர ஒத்திசைவுப் பிழையையும் களத்தில் அளந்து எண்ணாகத் தரவேண்டும். அந்த எண் இல்லாத அதிர்வுத் தரவை நம்பி, ஒரு பாலம் பாதுகாப்பானது என்று கையொப்பமிட எவருக்கும் உரிமையில்லை.