எட்டி நிற்கும் பறவையும் கிட்டிய படமும்

நிழற்படக் கலையில் ஆர்வங்கொண்ட மாணவர் அடிக்கடி வினவுவது ஒன்றுண்டு. "பூநாரையைப் படம் பிடித்தால் அது சிறு புள்ளியாகவே விழுகின்றது. பெரிய வில்லை வாங்கினாலன்றி வேறு வழியில்லையா?" என்பதே அது. அப்பெரிய வில்லையின் விலையோ ஓர் ஆசிரியரின் பல மாதச் சம்பளத்தை விழுங்கவல்லது. ஆதலின், தந்தையாரிடம் கேட்குமுன் சிறிது கணக்கிட்டுப் பார்த்தல் நன்று.

மன்னாருக்குச் செல்லும் பெருவீதி, 2010ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்தினூடே போகின்றது. அங்கே 1.2 மீற்றர் உயரமான பூநாரை ஒன்று 100 மீற்றர் தொலைவில் நிற்பதாகக் கொள்வோம். வில்லையின் குவியத்தூரத்தைப் பறவையின் உயரத்தாற் பெருக்கித் தூரத்தால் வகுத்தால், உருவின் உயரம் கிடைக்கும். குவியத்தூரம் 300 மில்லிமீற்றராயின், விடை 3.6 மில்லிமீற்றர் மாத்திரமே.

இவ்வுருவைப் பெரிதாகக் காண்பதற்கு எளிய வழி, எடுத்த படத்தின் ஓரங்களை வெட்டுதல். 6000க்கு 4000 என 240 இலட்சம் புள்ளிகள் கொண்ட படத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கினால், 60 இலட்சம் எஞ்சும். பத்து அங்குல அகலத்தில் அச்சிட அது போதும். சிறிய உணரி கொண்ட கமராவில் வில்லை நீண்டுவிட்டதாகத் தோன்றுவதும் இத்தகையதே. உரு வளர்வதில்லை, சுற்றுப்புறமே குறைகின்றது.

அடுத்தது ரெலிகன்வேட்டர் எனப்படும் இணைப்பு வில்லை. 1.4 மடங்கு இணைப்பு உருவை 5 மில்லிமீற்றராக்கும். ஆனால் ஒளியிற் பாதியைக் குறைக்கும். இரு மடங்கு இணைப்பு 7.2 மில்லிமீற்றராக்கும், ஒளியோ காற்பங்காகும். செக்கனில் ஆயிரத்திலொரு பங்கில் எடுக்கத்தக்க படத்துக்கு இருநூற்றைம்பதிலொரு பங்கு வேண்டியதாகும். கை நடுக்கமும் இரு மடங்காய்த் தெரியும். எல்லா வில்லைகளும் இவ்விணைப்பை ஏற்பதில்லை. வாங்குமுன் பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

இனி மூன்றாவது வழி. தூரம் 50 மீற்றராகக் குறைந்தால் உரு அதே 7.2 மில்லிமீற்றராகும். ஒளி குறையாது, பணச்செலவும் இல்லை. அவ்வாறாயின் பறவையை நோக்கி நடக்கலாமா? கூடாது. மனிதர் நெருங்க, அது எழுந்து பறந்துவிடும். வண்டியை விட்டு இறங்காது, சாளரத்தில் அரிசி நிரப்பிய துணிப்பையொன்றை வைத்து, அதன்மேற் கமராவைக் கிடத்திக் காத்திருத்தலே தக்கது. மேய்ந்துகொண்டே அது தானாக அருகில் வருதல் உண்டு. காலைப்பொழுதே ஏற்றது; வெயில் ஏறினாற் கானல் எழுந்து, எத்துணைச் சிறந்த வில்லையிலும் படத்தைக் கலங்கச் செய்யும்.

பூநாரை நம் கடனீரேரிகளுக்கு வருவது இரைக்காக. ஒவ்வொரு முறை வெருண்டு பறக்கும்போதும், அது உண்டு சேர்த்த வலுவிற் சிறிது வீணாகின்றது. மேய்வதை நிறுத்தித் தலைநிமிர்ந்து நம்மை நோக்குமாயின், அதுவே நமக்கு எல்லையென அறிந்து நிற்றல் வேண்டும். படம் சற்றுச் சிறிதாயினும் ஆகுக. பறவை தன் இரையைத் தின்னட்டும். மாணவர்களே, வரும் விடுமுறையில் இருக்கும் கமராவுடனேயே புறப்படுங்கள். பொறுமையோடு ஒரு காலைப்பொழுது காத்திருந்து பார்த்தபின், புதிய வில்லை வேண்டுமா என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.